சேர்வராயன் மலைக் காப்பிக்கு எந்த நிழல்: சில்வர் ஓக்கா, நாட்டு மரமா, கலப்பா?

ஏற்காட்டில் பழைய காப்பித் தோட்டத்தை வாங்கியவர், அல்லது கைக்கு வந்த பங்கைப் புதுப்பிக்க நினைப்பவர், செடி வாங்கும் முன் தீர்மானிக்க வேண்டியது நிழலைத்தான். காப்பி ரகத்தில் தவறினால் ஏழெட்டு வருடத்தில் பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம். நிழல் மரத்தில் தவறினால் திருத்த ஒரு தலைமுறை ஆகும்.

1820-களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில், இந்த மலைக்குக் காப்பி வந்தது. காட்டு மரங்களைக் கொஞ்சம் கழித்து, அதனடியில் செடி வைப்பதே பழைய முறை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த சில்வர் ஓக் பிறகுதான் நுழைந்தது. இன்று பல தோட்டங்களில் அண்ணாந்து பார்த்தால் தெரிவது அது ஒன்றுதான். நேராக வளரும், வேகமாக வளரும், மிளகு ஏறும், வெட்டினால் விலை போகும் என்று எல்லோரும் சொல்லும் காரணங்கள் நான்குமே உண்மை. ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. எந்த மாதத்தில் எந்த மரத்தில் இலை இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. காப்பிக்கு வேண்டியது அந்தக் கணக்குதான்.

செடிக்கு என்ன தேவை, எப்போது

மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை பூ மழை விழ வேண்டும். அது விழுந்த எட்டு முதல் பத்து நாளில் பூ வெடிக்கும். அதற்கு முந்தைய இரண்டு மாதம் செடி வறட்சியில் நிற்கிறது. அப்போது தலைக்கு மேல் இலை இல்லாவிட்டால் மொட்டு கருகும், இலை மஞ்சளாகும். ஆக, பிப்ரவரி முதல் மே வரை நல்ல நிழல் வேண்டும்.

ஜூனில் மழை பிடித்த பிறகு நிலைமை தலைகீழ். மேலே அடர்த்தியாக மூடியிருந்தால் இலையின் ஈரம் காயாது, கருகல் நோய் வரும், காய் உதிரும், அடுத்த வருட மொட்டுக்கு வெளிச்சமும் கிடைக்காது. எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை கொஞ்சம் திறப்பு தேவை.

மூன்றாவது தேவையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அரபிக்கா வகைக் காப்பியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான், தோட்டக்காரர் வாயில் ‘போரர்’. வண்டு பறப்பது வருடத்தில் இரண்டு பருவம்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. தாய் வண்டு முட்டையிடத் தேடுவது வெயில் படும் தண்டை. பட்டையின் வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளே போய்த் தண்டைக் குடையும். வெளியே தெரிவது பட்டையில் மேடு மேடாக எழும் தழும்பும், காரணம் தெரியாமல் மஞ்சளாகும் இலையும்தான். அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தண்டில் 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் அடிக்கலாம்: 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு, ஒட்டுவதற்கு 200 மில்லி ஃபெவிகால் டிடிஎல். கையுறை போட்டுப் பட்டையைத் தேய்த்துவிடலாம், இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். எல்லாமே துணை வேலைகள். முதல் மருந்து நிழல்தான். அதனால் அக்டோபரில் வெளிச்சம் வேண்டுமென்று மரத்தைக் கழிப்பவர் துளைப்பானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்.

இந்த மூன்று பருவத்தையும் கையில் வைத்துக்கொண்டு மரங்களைப் பார்ப்போம்.

சில்வர் ஓக்

முதல் சில வருடங்கள் நல்ல மண்ணில் வருடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் போகும். தலை ஒடுக்கமானது, இலை பிளவுபட்டது, வெயில் பொடிப்பொடியாகத்தான் இறங்கும். மழைக்காலத்தில் இது நல்ல குணம். பட்டை சொரசொரப்பாக இருப்பதால் மிளகின் பற்றுவேர் நன்றாகப் பிடிக்கும். கிளையை எவ்வளவு உயரம் வரை கழித்தாலும் மரம் தாங்கும். பூக்கும் காலத்தில் ஆரஞ்சு நிறப் பூவில் தேன் வழியும். தேனீயும் தேன்சிட்டும் மொய்க்கும். பறவைக்கும் பூச்சிக்கும் ‘இது பாலைவனம்’ என்று சிலர் ஒரேயடியாகச் சொல்வது சரியில்லை.

குறை கோடையில் தெரியும். வறட்சி கூடும்போது இலையின் பெரும்பங்கை உதிர்த்துவிட்டுத்தான் பூக்கும். காப்பி நிழலுக்குத் தவிக்கும் அதே வாரங்களில் மேலே குச்சியும் பூவும் நிற்கும். சில்வர் ஓக் மட்டும் உள்ள தோட்டத்தில் கோடையில் தண்டு சுடுவதும் துளைப்பான் கூடுவதும் இதனால்தான்.

அடுத்தது தரை. பத்து வருடச் சில்வர் ஓக்கின் அடியில் உட்கார்ந்து ஒரு கை சருகை அள்ளிப் பாருங்கள். மேலே இருப்பது இந்த வருட இலை. அடிப்பக்கத்தின் வெள்ளி மினுமினுப்பு போகவில்லை. அதற்குக் கீழே போன வருட இலை, பழுப்பாகியும் சீப்பு மாதிரியான வடிவம் குலையவில்லை. அதையும் விலக்கினால் மண், மேலே பொருக்கு. இருபது அடி தள்ளி அத்தி மரத்தடியில் அதே மாதிரி அள்ளினால் கையில் வருவது கறுப்பாக உதிரும் மக்கு, நடுவே மண்புழு போட்ட சிறு உருண்டைகள். சில்வர் ஓக் இலை மட்க நாளாகும், உரமாக மண்ணுக்குத் திரும்புவதும் தாமதம். மூடாக்காகக் கிடப்பது மண் அரிப்பைத் தடுக்கும் என்பது லாபம். மார்ச்சில் அடிவாரத்திலிருந்து தீ ஏறினால் அதே சருகு வெடிமருந்து. சில்வர் ஓக் அதிகம் உள்ள தோட்டத்தின் எல்லையில் ஜனவரி முடிவதற்குள் பத்தடி அகலம் சருகைக் கூட்டி தீத்தடுப்புக் கோடு எடுத்தாக வேண்டும்.

இன்னொரு விஷயம், மறுநடவு செய்யும்போது தெரியவரும். முதிர்ந்த சில்வர் ஓக்கின் அடியில் அதன் கன்றே சரியாக வளராது. வேரிலிருந்து கசியும் பொருள் சொந்தக் கன்றையே கருக்குகிறது என்பது ஆஸ்திரேலியாவிலேயே பல காலத்துக்கு முன் கண்டறிந்த செய்தி. எனவே ஒரு மரம் விழுந்த இடத்தில் திரும்பவும் சில்வர் ஓக் கன்றை வைத்து, வரவில்லை என்று மூன்று முறை மாற்றுவது வீண் செலவு. அந்த இடத்துக்கு வேறு மரம் வையுங்கள்.

கிளை கழிக்கும் ஆட்களுக்கு முழுக்கைச் சட்டை கொடுங்கள். இதன் இலையும் மரத்தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும்.

நாட்டு மரங்கள்

‘நாட்டு மரம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்வதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பலா மட்டும் வைத்த தோட்டம் சில்வர் ஓக் மட்டும் வைத்த தோட்டத்தைவிட மோசமாகக்கூடப் போகும். பலா வருடம் முழுக்க இலை வைத்திருக்கும், கோடைக்கு அருமை, ஆனால் மழைக்காலத்தில் இருட்டு. வருடா வருடம் உள்கிளை கழிக்க ஆள் இல்லாவிட்டால் அதனடியில் காய் இருக்காது, நோய்தான் இருக்கும். நாவலும் பசுமை மாறாதது, அதே எச்சரிக்கை அதற்கும் உண்டு.

அத்திதான் பழைய தோட்டக்காரர்களின் செல்லம். தலை விரிந்து, உயரமாக, காற்றோட்டம் விட்டு நிழல் தரும். இலையை உதிர்த்தாலும் சீக்கிரம் துளிர்த்துவிடும், இலை மட்குவதும் வேகம். சந்தன வேம்பு குளிரில் இலை கொட்டும், கோடை ஏறும் முன் தளிர் விடும். கருவாகையும் தோதகத்தியும் வறட்சியில் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். ஆனால் இரண்டும் பயறு வகைக் குடும்பம், வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும். ஆக ஒரே மரத்தை நம்பினால் ஏதோ ஒரு பருவத்தில் கைவிடும். நான்கைந்து இனம் கலந்து வைத்தால் ஒன்று கொட்டும்போது இன்னொன்று மூடியிருக்கும். நாட்டு மரத்தின் பலம் இந்தக் கலப்பில்தான் இருக்கிறது.

பலவீனம் மூன்று. முதலாவது வேகம்: பலாவோ நாவலோ நிழல் என்று சொல்லும்படி ஆக எட்டு பத்து வருடம் பிடிக்கும். இரண்டாவது கன்று. பலா விதையும் நாவல் விதையும் காய்ந்தால் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஊன்ற வேண்டும். பலாக் கன்றைச் சின்னப் பையில் ஒரு வருடம் வைத்திருந்து விற்பார்கள், அதை வாங்காதீர்கள். ஆணிவேர் பையின் அடியில் சுருண்டிருக்கும். நட்டால் முளைக்கும், ஐந்தாம் வருடக் காற்றில் சாயும். அத்திக்கு இந்தத் தொல்லை இல்லை. கைமணிக்கட்டு பருமனில் ஆறடிப் போத்து (நடுவதற்கான கிளைத் துண்டு) வெட்டி ஜூன் முதல் மழையில் ஒன்றரை அடி ஆழம் ஊன்றினால் போதும். மூன்றாவது பலவீனம் கைக்காசு. சில்வர் ஓக்கை இருபது வருடத்தில் பிளைவுட்டுக்கு விற்கலாம். அத்தியை விறகுக்குக்கூட விரும்பி வாங்க மாட்டார்கள்.

மரத்தடியும் விலங்கும்

அத்தி காய்க்கும்போது அந்த மரமே ஒரு சந்தை. பச்சைப்புறா, சின்னான், பழந்தின்னி வௌவால், மரநாய் எல்லாம் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த வெள்ளைக் கன்னக் குக்குறுவான் கிழக்கே சேர்வராயன், சித்தேரி மலைகள் வரை பரவி வாழ்கிறது. அதன் ‘குட்ரூ குட்ரூ’ கேட்காத ஏற்காட்டுக் காலை கிடையாது. அது பட்டுப்போன கிளையில்தான் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும். எனவே நடைபாதையிலிருந்து தள்ளி நிற்கும் பட்ட மரம் ஒன்றிரண்டை விட்டுவைப்பதில் நஷ்டம் இல்லை. காப்பிக் காயைக் குடையும் வேறொரு வண்டான காய்த்துளைப்பானைப் பறவைகள் தின்று குறைக்கின்றன என்று கோஸ்டாரிகாவிலும் ஜமைக்காவிலும் காப்பிச் செடிகளுக்கு வலை கட்டிப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். அதற்காக இங்கே தரையில் உதிர்ந்த காப்பிப் பழத்தைப் பொறுக்காமல் பறவையை நம்பி விடலாம் என்று பொருள் அல்ல. காய்த்துளைப்பான் அடுத்த பருவம் வரை பதுங்குவது அந்த உதிரிப் பழத்தில்தான்.

காட்டுமாடு வேறு கதை. ஏற்காட்டுத் தோட்டங்களில் அது இப்போது அன்றாட விருந்தாளி. முழு வளர்ச்சியடைந்த கடா ஒரு டன் அளவுக்குக்கூட எடை வரும், அதன் வழியில் நின்ற கன்று எதுவும் மிஞ்சாது. விழுந்த பலாப்பழத்தின் மணத்துக்கு அதுவும் வரும், குரங்கும் வரும். எனவே பலாவைத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்திலோ, பறிப்புக்கு ஆட்கள் நடக்கும் பாதையிலோ வைக்காதீர்கள். காய் முற்றியதும், பழுக்க விடாமல், இறக்கிவிடுங்கள். நடுவதற்கு முன் மழை நாளில் ஒரு சுற்று நடந்து மாட்டுத் தடம் எங்கே போகிறது என்று பார்த்து, அந்தத் தடத்தில் பத்தடி அகலத்துக்குக் கன்று வைக்காமல் விடுங்கள். முள் கட்டி மறிப்பதைவிட இது மலிவு. வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம் மட்டுமல்ல, பெரும்பாலும் மாட்டுக்கு முன் மனிதர் சாகிறார். காட்டுமாடு 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு.

மிளகுக் கணக்கு

சில்வர் ஓக்கை ஆதரிப்பவரின் கடைசி அம்பு மிளகுதான். அது நியாயமான அம்பு. காப்பி விலை விழும் வருடத்தில் பல சிறு தோட்டங்களைத் தூக்கி நிறுத்துவது மிளகு. ஆனால் மிளகு ஏற சில்வர் ஓக்தான் வேண்டும் என்பதில்லை. பலாவிலும் சந்தன வேம்பிலும் நன்றாக ஏறும். பட்டை உரியும் மரங்கள்தான் ஆகாது, கொடி பட்டையோடு கழன்று விழும். வித்தியாசம் அறுவடையில்: நேரான, கிளையில்லாத சில்வர் ஓக்கில் ஏணி சாய்ப்பது சுலபம், கிளை பிரிந்த பலாவில் ஆபத்து.

மரத்தின் வடக்குப் பக்கம், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் குழி எடுத்துக் கொடி வையுங்கள். தெற்குப் பக்கம் வைத்தால் கோடை வெயிலில் இளங்கொடி வதங்கும். மிளகு ரகங்களில் பன்னியூர் 1 வெளிச்சம் கேட்கும், நாட்டு மரத்தின் அடர்ந்த நிழலில் இலையாகவே நிற்கும். அங்கே கரிமுண்டா பொருத்தம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் எந்த ரகமும் வேண்டாம், வாடல் நோய் முதலில் அங்கேதான் கிளம்பும்.

கலப்பு: ஒரு ஏக்கருக்கு

பெரும்பாலான தோட்டங்களுக்கு எங்கள் தீர்ப்பு கலப்புதான். அதையும் மனம்போன போக்கில் கலக்காமல் அளந்து செய்ய வேண்டும். காப்பி 6 அடிக்கு 6 அடி என்றால் ஏக்கருக்கு 1,210 செடி. நிலையான நிழல் மரத்தை 30 அடிக்கு 30 அடி, அதாவது ஐந்து வரிசைக்கு ஒன்று, நான்கு செடிக்கு நடுவில் வையுங்கள். 48 இடம் வரும். அதில் சில்வர் ஓக் 16. மீதி 32-ல் அத்தி 8, பலா 6, சந்தன வேம்பு 6, கருவாகை 6, நாவல் 4, விருப்பப்பட்ட வேறு மரம் 2. ஒரே இனம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உதிரும் காலத்தில் ஒரு மூலை முழுக்க வெயிலாகிவிடும். சில்வர் ஓக்கை மேற்கு, தெற்கு எல்லையில் குவிக்காதீர்கள். பிற்பகல் வெயிலைத் தடுக்க அங்கே நாவலும் பலாவும்தான் வேண்டும். காப்பி உலர்த்தும் களத்துக்கு அருகில் அத்தி வேண்டாம், பழமும் எச்சமும் பருப்பில் விழும்.

இவை வளரும்வரை கல்யாண முருங்கை தாங்கும். 12 அடிக்கு ஒரு போத்து, ஏக்கருக்குச் சுமார் 300. ஆறடி நீளப் போத்தை வெட்டி, ஒன்றிரண்டு நாள் நிழலில் வைத்துப் பால் வடிந்த பிறகு, முதல் மழையில் ஊன்ற வேண்டும். மேல் முனையைச் சாய்வாக வெட்டினால் தண்ணீர் தேங்கி அழுகாது. ஜூனில் கழித்து தழையைச் செடியடியில் போட்டால் சில வாரத்தில் மண்ணோடு மண். கழித்து வளர்த்த முருங்கை கோடையில் மொட்டையாகாது. கழிக்காமல் விட்டால் பூத்து இலை கொட்டிவிடும். 2005 வாக்கில் கேரளத்தில் தென்பட்ட முடிச்சுக் குளவி இந்த மரத்தை வெகுவாகப் பதம் பார்த்தது. துளிர் முண்டும் முடிச்சுமாகச் சுருண்டிருக்கும் மரத்திலிருந்து போத்து எடுக்காதீர்கள். காட்டுமாடும் இந்தத் தழையை விடாது, எனவே அதன் தடத்தை ஒட்டி இதை வைக்க வேண்டாம்.

எட்டாம் வருடத்திலிருந்து முருங்கையைப் படிப்படியாக எடுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வருடத்துக்குள், நாட்டு மரம் மூட மூட, இடையூறாக நிற்கும் சில்வர் ஓக்கை விற்றுக்கொண்டே வரலாம். கடைசியில் ஏக்கருக்கு 30 மரம் நின்றால் போதும். காப்பித் தலைக்கும் நிழல் மரத்தின் முதல் கிளைக்கும் நடுவே பதினைந்து அடியாவது இடைவெளி இருக்கட்டும்.

நிழல் சரியா என்று பார்க்க ஒரு வழி: ஏப்ரலில் உச்சிவேளையில் வரிசைக்கு நடுவில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். விழும் வெயில் காசு காசாகச் சிதறி, மொத்தத்தில் துணியின் பாதியைத் தாண்டாமல் இருந்தால் சரி. ஒரே பெரிய வெளிச்சத் திட்டாக விழுந்தால் அங்கே ஒரு மரம் குறைகிறது.

சில்வர் ஓக் மட்டும் போதும் என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. அரை ஏக்கருக்குக் குறைந்த நிலம், மிளகு வருமானத்தில் குடும்பம் ஓட வேண்டும், கிளை கழிக்க ஆள் கிடையாது என்றால் அதையே வையுங்கள். ஆனால் முருங்கையை எட்டாம் வருடத்தில் எடுக்காமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், கோடை நிழலுக்கு வேறு வழி இல்லை. நாட்டு மரம் மட்டும் என்பது பறவை நட்புக் காப்பி போன்ற சான்றிதழை நோக்கிப் போகிறவருக்குப் பொருந்தும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் அந்தச் சான்றுக்குக் குறைந்தது 40 சதவீத நிழல், பத்து மர இனம், 12 மீட்டர் உயர மேல்தட்டு, கூடவே இயற்கை வேளாண்மைச் சான்றும் தேவை.

ஏற்கெனவே சில்வர் ஓக் மட்டும் நிற்கிறதா?

ஒரே வருடத்தில் மாற்ற நினைக்காதீர்கள். வெட்டுவதற்கு முந்தைய ஜூனிலேயே இடைவெளியில் முருங்கைப் போத்தும் நாட்டுக் கன்றும் ஊன்றிவிடுங்கள். பழம் பறித்து முடிந்து பூ மழைக்கு முன்பாக, நாலில் ஒரு மரத்தை மட்டும் எடுங்கள். முதலில் மேலிருந்து கிளையை இறக்கி, கயிறு கட்டி, வரிசைக்கு இணையாகச் சாய்க்க வேண்டும். குறுக்கே விழுந்தால் இருபது செடி போகும். அடுத்த நாலில் ஒன்றுக்கு இரண்டு மூன்று வருடம் காத்திருங்கள். திறந்த இடத்தில் உண்ணிச்செடி முளைக்கும், முதல் வருடமே வேரோடு பிடுங்கினால் தப்பிக்கலாம்.

பட்டா நிலம்தானே என்று கோடரியை எடுக்கும் முன் ஒரு வார்த்தை. மலைப்பகுதி மரங்களுக்குத் தமிழ்நாட்டில் 1955-லேயே தனிச் சட்டம் வந்தது, தோதகத்திக்கு 1994-ல் இன்னொன்று. எந்த மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் என்ன அனுமதி வேண்டும் என்பதை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக நடும் மரங்களையும் இனம், எண்ணிக்கை, நட்ட வருடம் குறித்து ஒரு வரைபடமாக வைத்திருங்கள். இருபது வருடம் கழித்து வெட்ட அனுமதி கேட்கும்போது, இவை நாங்கள் நட்டவை என்று காட்ட அந்தத் தாள் உதவும்.